எண் வேறு, அழைக்கும் முறை வேறு

044 என்ற எண்ணைக் கண்டதும் சென்னைக்காரர்களுக்குத் தங்கள் ஊர்தான் நினைவுக்கு வரும். சுவிட்சர்லாந்தில் அதே 044 சூரிக் நகரத்தைக் குறிக்கும். முன்னால் இன்னொரு பூஜ்யத்தைச் சேர்த்து 0044 என்று இந்தியாவிலிருந்து அழுத்தினால் அழைப்பு பிரிட்டனுக்குப் போகும். பூஜ்யங்களை எடுத்துவிட்டுப் பிளஸ் குறியைப் போட்டு +44 என்று எழுதினாலும் பிரிட்டன்தான். ஒரு பூஜ்யம் கூடினாலும் குறைந்தாலும் கண்டம் மாறிவிடும் இந்த விஷயத்தை நம் அழைப்பிதழ்களிலும் கடைப் பலகைகளிலும் விண்ணப்பப் படிவங்களிலும் எவ்வளவு அசட்டையாகக் கையாள்கிறோம் என்பது எனக்கு நெடுநாளாக உள்ள ஆதங்கம்.

எங்கள் குடும்பத்தில் கல்யாணமோ காதுகுத்தோ எதுவானாலும், அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்கும் முன் மெய்ப்புப் பார்ப்பதும், வெளிநாட்டு உறவினர்களின் எண்களைத் திரட்டிப் பட்டியல் போடுவதும் என் பொறுப்பு. டொராண்டோ, லண்டன், துபாய், சிங்கப்பூர் என்று உறவு பிரிந்து கிடப்பதால், ஒவ்வொருவரும் தத்தம் ஊர் வழக்கப்படி எழுதி அனுப்பும் எண்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அவற்றில் நேரும் பிழைகளுக்கு வேர் பெரும்பாலும் ஒன்றுதான். தொலைபேசி எண் என்று நாம் எழுதுவதில் இரண்டு வேறு பொருள்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, அந்த இணைப்பின் எண். மற்றொன்று, நாம் நிற்கும் இடத்திலிருந்து அந்த இணைப்பை அடைவதற்கு முன்னால் அழுத்த வேண்டிய இலக்கங்கள். முதலாவது உலகத்துக்கெல்லாம் பொது. இரண்டாவது அழைப்பவர் இருக்கும் நாட்டைப் பொறுத்து மாறும். இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாக எழுதிவிட்டால், நம் ஊரில் இருப்பவருக்கு மட்டுமே அது பயன்படும்.

044, 0452, 0422 ஆகியவற்றின் முன்னால் நிற்கும் பூஜ்யம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. சென்னையின் எண் 44, மதுரையின் எண் 452, கோயம்புத்தூரின் எண் 422. உள்ளூர் எண்கள் பூஜ்யத்தில் தொடங்காதபடி பார்த்துக்கொண்டு, முதல் இலக்கம் பூஜ்யமாக வந்தால் அது வெளியூர் அழைப்பு என்று தொலைபேசி நிலையம் புரிந்துகொள்ளும்படி அமைத்தார்கள். இரண்டு பூஜ்யங்கள் வந்தால் வெளிநாட்டு அழைப்பு. ஆக, பூஜ்யம் என்பது நிலையத்துக்கு நாம் காட்டும் சைகை, அவ்வளவுதான். டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த காலத்தில் இந்தச் சைகைக்குத் தேவையே இல்லை, ஏனென்றால் ஊர்ப் பெயரைக் கேட்டு இணைப்புக் கொடுக்க ஆபரேட்டர் இருந்தார். 1960 நவம்பரில் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே வெளியூரை நேரடியாக அழைக்கும் எஸ்.டி.டி. வசதி வந்தபோதும், 1976இல் பம்பாய்க்கும் லண்டனுக்கும் இடையே வெளிநாட்டை நேரடியாக அழைக்கும் ஐ.எஸ்.டி. வசதி வந்தபோதும், ஆபரேட்டர் செய்த வேலையை இலக்கங்கள் ஏற்றுக்கொண்டன. மஞ்சள் பலகை மாட்டிய பி.சி.ஓ. என்னும் பொதுத் தொலைபேசிக் கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டியிருந்த எஸ்.டி.டி. கோடு பட்டியலில் எல்லா ஊர்களும் பூஜ்யத்தோடுதான் இருந்தன. அது உள்நாட்டில் அழைப்பவருக்கான பட்டியல் என்பதால் அங்கே அது முற்றிலும் சரி. அதைப் பார்த்தே பழகிய நமக்குப் பூஜ்யமும் ஊர் எண்ணின் ஓர் உறுப்பாக மனத்தில் பதிந்துவிட்டது.

நாட்டுக் குறியீடுகளின் கதை இன்னும் சுவையானது. இன்று நாம் பயன்படுத்தும் உலகளாவிய ஒதுக்கீட்டின் அடிப்படை 1964இல், ஐ.நா.வின் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தைச் சேர்ந்த குழு வகுத்தது. வட அமெரிக்காவுக்கு 1, ஆப்பிரிக்காவுக்கு 2, ஐரோப்பாவுக்கு 3, 4, இலத்தீன் அமெரிக்காவுக்கு 5, தென்கிழக்காசியாவுக்கும் ஓசியானியாவுக்கும் 6, சோவியத் ஒன்றியத்துக்கு 7, கிழக்காசியாவுக்கு 8, தெற்காசியாவுக்கும் மேற்காசியாவுக்கும் 9 என்று உலகம் பிரிக்கப்பட்டது. அதன்படிதான் 91 இந்தியா, 92 பாகிஸ்தான், 93 ஆப்கானிஸ்தான், 94 இலங்கை, 95 பர்மா என்று வரிசையாக வந்தன. பூஜ்யத்தில் தொடங்கும் நாட்டுக் குறியீடு எதுவும் இல்லை. ஆகவே +044, +091 என்று எங்கே எழுதியிருந்தாலும் அது உலகில் எந்த நாட்டையும் குறிக்காது.

நாட்டுக் குறியீடு எங்கே முடிகிறது என்பதைக் காட்ட இடைவெளியோ புள்ளியோ இல்லாமலே இயந்திரம் அதைக் கண்டுகொள்கிறது. ஒரு நாட்டின் குறியீடு இன்னொரு நாட்டின் குறியீட்டுக்குத் தொடக்கமாக அமையக் கூடாது என்பது விதி. 91 இந்தியாவுக்குப் போய்விட்டதால் 910 முதல் 919 வரை எந்த நாட்டுக்கும் இல்லை. 9, 1 என்று இரண்டு இலக்கங்கள் வந்ததுமே இந்தியா என்று முடிவாகிவிடும். 9, 7 என்று வந்தால் மூன்றாவது இலக்கத்துக்குக் காத்திருக்க வேண்டும். அது 1 என்றால் ஐக்கிய அரபு அமீரகம், 3 என்றால் பஹ்ரைன், 4 என்றால் கத்தார், 7 என்றால் நேபாளம். 1 என்ற ஒற்றை இலக்கத்தை அமெரிக்கா, கனடா, ஜமைக்கா முதலிய பல நாடுகள் பகிர்ந்துகொள்கின்றன. 7ஐ ரஷ்யாவும் கஜகஸ்தானும் பகிர்ந்துகொள்கின்றன. 1964இல் போட்ட இந்த ஏற்பாடு சோவியத் ஒன்றியமும் கிழக்கு ஜெர்மனியும் இல்லாமல் போன பிறகும் குலையாமல் நிற்பதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வியப்பாக இருக்கிறது. கிழக்கு ஜெர்மனி வைத்திருந்த 37, ஜெர்மனிகள் இணைந்த பிறகு மூன்று இலக்கக் குறியீடுகளாகப் பிரிக்கப்பட்டு லித்துவேனியா, லாத்வியா, எஸ்டோனியா முதலிய நாடுகளுக்குப் போய்விட்டது.

நாட்டுக் குறியீடும் ஊர் அல்லது நிறுவன எண்ணும் இணைப்பு எண்ணும் சேர்ந்த முழு எண், அதிகபட்சம் 15 இலக்கங்களுக்குள் அடங்க வேண்டும் என்பது உலக விதி. இந்திய எண்களில் 91 நீங்கலாகப் பத்து இலக்கங்கள், ஆக மொத்தம் பன்னிரண்டு. இந்த முழு எண்ணுக்கு முன்னால் போடும் அடையாளம்தான் பிளஸ். ‘இதற்குப் பின்னால் வருவது நாட்டுக் குறியீட்டில் தொடங்கும் முழு எண், வெளிநாட்டு அழைப்புக்கு உன் ஊரில் எதை அழுத்த வேண்டுமோ அதை இங்கே அழுத்திக்கொள்’ என்பது அதன் பொருள். கைபேசியில் பூஜ்யத்தைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் பிளஸ் வரும். எந்த நாட்டில் நின்றாலும் அந்நாட்டு வலையமைப்பு அதைப் புரிந்துகொள்ளும். தரைவழித் தொலைபேசியில் பிளஸ் இல்லாததால், அதன் இடத்தில் அந்தந்த நாட்டின் வெளிநாட்டு முன்னெண்ணை அழுத்த வேண்டும். இந்தியா, இலங்கை, மலேசியா, பிரிட்டன், வளைகுடா நாடுகள், பெரும்பாலான ஐரோப்பிய நாடுகள் ஆகியவற்றில் அது 00. அமெரிக்காவிலும் கனடாவிலும் 011. ஆஸ்திரேலியாவில் 0011. ஜப்பானில் 010. சிங்கப்பூரில் சேவை நிறுவனத்தைப் பொறுத்து 001 போன்றவை. இதனால்தான் 0091 என்று அச்சடிப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. துபாயிலோ லண்டனிலோ அது வேலை செய்யும். டொராண்டோ வீட்டுத் தொலைபேசியிலோ மெல்பர்னிலோ வேலை செய்யாது. +91 என்பதை எல்லா நாட்டுக்காரர்களும் தத்தம் முறைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

மதுரையிலிருந்து போன ஓர் அழைப்பிதழின் அடியில் ‘தொலைபேசி: 0452 – 25×××××’ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். டொராண்டோவில் இருக்கும் அத்தை வீட்டுத் தொலைபேசியிலிருந்து கூப்பிட 011 91 452 25××××× என்று அழுத்த வேண்டும். பூஜ்யத்தை விடாமல் 011 91 0452 என்று அழுத்தினால், இந்தியாவுக்குள் வந்த பிறகு பூஜ்யத்தில் தொடங்கும் ஊரைத் தேடிக் கிடைக்காமல் அழைப்பு நின்றுவிடும். எண்ணைச் சரிபார்க்கச் சொல்லும் பதிவுக் குரலைக் கேட்டு, ‘நம்பர் மாத்திட்டாங்க போல’ என்று அத்தை தொலைபேசியைக் கீழே வைத்துவிடுவார். எண் மாறவில்லை என்பதை அவருக்குச் சொல்ல அந்த அழைப்பிதழில் எதுவும் இல்லை. +91 452 25××××× என்று அச்சடித்திருந்தால் இந்தச் சிக்கலே எழாது, மதுரையில் இருப்பவர்களுக்கும் அதனால் எந்த இடைஞ்சலும் நேராது.

சென்னை எண்களுக்கு முன்னால் +44 எப்படி வந்து ஒட்டிக்கொள்கிறது என்பதை ஒரு குடியிருப்போர் சங்கப் பட்டியலில் கண்ணெதிரே பார்த்தேன். அலுவலகத்தில் ஒருவர் எக்செல் தாளில் 04428×××××× என்று தட்டுகிறார். அது எண்தான் என்று எக்செல் எடுத்துக்கொண்டு, மதிப்பில்லாத முன் பூஜ்யத்தை விழுங்கிவிடுகிறது. 4428×××××× என்று பத்து இலக்கங்கள் மிஞ்சுகின்றன. அடுத்து அந்தத் தாளைக் கையாள்பவருக்கு அது நாட்டுக் குறியீட்டோடு கூடிய எண்ணாகத் தோன்றுகிறது, நல்லெண்ணத்தோடு முன்னால் ஒரு பிளஸைச் சேர்க்கிறார். மயிலாப்பூர் வீடு பிரிட்டனுக்குக் குடிபோய்விடுகிறது. பிரிட்டனில் 44க்குப் பின்னால் பொதுவாகப் பத்து இலக்கங்கள் வர வேண்டும், இங்கே எட்டுதான் இருப்பதால் அழைப்பு யாருக்கும் போகாது. அதே தாளில் +91 என்று தொடங்கித் தட்டினாலும், பிளஸைக் கூட்டல் என்று கொண்டு எக்செல் அதை நீக்கிவிடும். பன்னிரண்டு இலக்கங்களையும் காட்டாமல் தசமப் புள்ளி போட்டுச் சுருக்கியும் விடும். எண்களைத் தட்டத் தொடங்கும் முன்பே அந்தப் பத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து ‘டெக்ஸ்ட்’ என்ற வகைக்கு மாற்றிவிட்டால் பூஜ்யமும் பிளஸும் இருந்த இடத்தில் இருக்கும். தட்டிய பிறகு மாற்றினால் போனது திரும்பி வராது.

பத்து இலக்கம் என்ற நம் பழக்கமும் ஓரிடத்தில் இடறும். இந்தியக் கைபேசி எண் பூஜ்யம் இல்லாமலே பத்து இலக்கம். இலங்கையில் உள்நாட்டு வழக்கில் எழுதும் பத்து இலக்கங்களில் முன்னால் நிற்கும் பூஜ்யமும் அடக்கம். 077 ××× ×××× என்று யாழ்ப்பாணத்து நண்பர் கொடுக்கும் எண்ணை நாம் +94 77 ××× ×××× என்று, ஒன்பது இலக்கங்களோடு பதிய வேண்டும். பத்தும் இருக்கட்டும் என்று +94 077 என்று பதிந்தால் கிடைக்காது. யாழ்ப்பாணத் தரைவழி எண்களுக்கு 021, ஆகவே +94 21. கொழும்புக்கு 011, ஆகவே +94 11. இந்தக் கொழும்பு 011ஐக் கனடாவில் இருப்பவர் பார்த்தால், அவருக்கு அது வெளிநாட்டு அழைப்புக்கான முன்னெண். மட்டக்களப்பின் 065உம் அப்படியே, பூஜ்யத்தை எடுத்துவிட்டுப் பிளஸ் போட்டால் சிங்கப்பூர் வந்துவிடும். ஊர் எண்களும் நாட்டுக் குறியீடுகளும் தனித்தனியே ஒதுக்கப்பட்டவை என்பதால் இப்படி ஒன்றின்மேல் ஒன்று விழுவதைத் தவிர்க்க முடியாது, நாட்டுக் குறியீட்டோடு எழுதுவதைத் தவிர இதற்கு மருந்தும் இல்லை.

வளைகுடாவிலும் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. அமீரகத்திலும் சவூதியிலும் கைபேசி எண்கள் உள்நாட்டில் 05 என்று தொடங்கும், வெளியிலிருந்து அழைக்கும்போது பூஜ்யத்தை விட்டு +971 5, +966 5 என்று எழுத வேண்டும். குவைத், கத்தார், பஹ்ரைன், ஓமன் ஆகியவற்றில் எட்டு இலக்க எண்கள்தான், விடுவதற்குப் பூஜ்யமே கிடையாது. சிங்கப்பூரும் நார்வேயும் அப்படியே.

பிரிட்டனில் ஒரு பழக்கம் உண்டு. கடிதத் தலைப்புகளில் +44 (0)20 7946 0××× என்று அடைப்புக்குறிக்குள் பூஜ்யத்தை எழுதுவார்கள். உள்நாட்டுக்காரர் பூஜ்யத்தோடு அழுத்தலாம், வெளிநாட்டுக்காரர் விட்டுவிடலாம் என்பது எண்ணம். ஆனால் அதை விட வேண்டுமா, சேர்க்க வேண்டுமா என்று அறிந்தவருக்கு அந்த உதவி தேவையில்லை, அறியாதவருக்கோ அது குழப்பம். எழுத்து முறைக்கான சர்வதேசப் பரிந்துரையும் பிளஸில் தொடங்கும் எண்ணில் அடைப்புக்குறி கூடாது என்றே சொல்கிறது. உள்நாட்டு வடிவில் (044) 2××× ×××× என்று அடைப்புக்குறி போடலாம், வெளிநாட்டு வடிவில் +91 44 2××× ×××× என்று வெறும் இடைவெளி விட்டால் போதும். இடைவெளி எங்கே விடுகிறோம் என்பதும் பொருள் உள்ள செயல்தான். லண்டனின் ஊர் எண் 2000ஆம் ஆண்டு ஏப்ரலிலிருந்து 020. அதற்கு முன்பு 0171, 0181 என்று இரண்டாக இருந்த நினைவில், பலர் இன்னும் 0207 என்று சேர்த்து எழுதிவிட்டு மீதி ஏழு இலக்கங்களைத் தனியே எழுதுகிறார்கள். லண்டனுக்குள் ஊர் எண் இல்லாமல் அழைக்க எட்டு இலக்கங்கள் வேண்டும், அந்த இடைவெளியை நம்பி ஏழை மட்டும் அழுத்துபவருக்கு இணைப்புக் கிடைக்காது.

பூஜ்யத்தை விட வேண்டும் என்ற விதிக்கு இத்தாலி பெரிய விலக்கு. 1998இல் அங்கே ஊர் எண்ணின் பூஜ்யத்தை எண்ணின் நிலையான பகுதியாகவே ஆக்கிவிட்டார்கள். ரோம் நகரத்துத் தரைவழி எண்ணை வெளிநாட்டிலிருந்து அழைக்க +39 06 என்றே தொடங்க வேண்டும், பூஜ்யத்தை எடுத்தால் தவறு. இத்தாலியக் கைபேசி எண்களோ 3இல் தொடங்குவதால் அங்கே இந்தப் பேச்சே இல்லை. ரஷ்யாவில் பூஜ்யத்தின் வேலையை 8 செய்கிறது, ஹங்கேரியில் 06 செய்கிறது. எந்த நாட்டில் எது என்று நாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கொடுப்பவரிடம் ‘பிளஸோட சொல்லுங்க’ என்று ஒரு வார்த்தை கேட்டு வாங்கினால் போதும்.

கைபேசியில் பதியும் எல்லா எண்களையும், பக்கத்து வீட்டு எண் உட்பட, +91 என்று தொடங்கியே பதியும்படி எல்லோரிடமும் வற்புறுத்தி வருகிறேன். பெரியவர்கள் சிலர் ‘+91 போட்டா ஐ.எஸ்.டி. சார்ஜ் ஆகும்டா’ என்று அஞ்சுகிறார்கள். இந்தியாவுக்குள்ளிருந்து +91 எண்ணை அழைப்பது உள்நாட்டு அழைப்புதான், கட்டணத்தில் வேறுபாடு இல்லை. வெறும் பத்து இலக்கமாகப் பதிந்த பெயர்களோடு விமானம் ஏறுபவர் சிங்கப்பூரில் இறங்கி உள்ளூர் சிம்மைப் போட்டதும், தொலைபேசிப் புத்தகம் முழுவதும் பயனற்றுப் போகும். வாட்ஸப்பும் நாட்டுக் குறியீடு இல்லாத எண்ணை உங்கள் சொந்த எண்ணின் நாட்டைச் சேர்ந்ததாகவே கொள்ளும். பூஜ்யம் சேர்த்துப் பதிந்த எண்ணுக்கும் வெளிநாட்டில் இதே கதிதான். 2021 ஜனவரி 15 முதல் இந்தியத் தரைவழித் தொலைபேசியிலிருந்து கைபேசியை அழைக்கப் பூஜ்யம் கட்டாயமாகிவிட்டதால், பூஜ்யத்தோடு எழுதும் பழக்கம் சிலரிடம் வலுப்பட்டிருக்கிறது. அதுவும் அழைக்கும் முறைதான், எண்ணில் சேராது.

பிளஸ் இல்லாமல் 91 என்று மட்டும் எழுதுவதிலும் ஓர் இடர் இருக்கிறது. 91 என்று தொடங்கும் பத்து இலக்கக் கைபேசி எண்கள் இந்தியாவில் ஏராளமாக உண்டு. பெயர்ப் பட்டியலைச் சீர்செய்யும் ஆர்வத்தில் முன்னால் உள்ள 91ஐயெல்லாம் நீக்கிவிட்டால், அவர்களுடைய எண்கள் எட்டு இலக்கமாகச் சுருங்கிவிடும். பிளஸ் முன்னால் இருந்தால் அதன்பின் வரும் 91 நாடு என்பதில் ஐயம் இராது, மொத்தம் பன்னிரண்டு இலக்கம் இருக்கிறதா என்று எண்ணியும் பார்த்துக்கொள்ளலாம்.

அழைப்பிதழ் அச்சடிக்கும் அச்சகத்தார் இதற்கெல்லாம் இடமில்லை என்று முதலில் தயங்குவார்கள். ‘செல்’, ‘போன்’ என்ற சொற்களையும் நடுவில் போடும் கோடுகளையும் எடுத்துவிட்டால் +91க்கு இடம் தானாகக் கிடைக்கும். கைபேசி எண்ணை ஐந்து ஐந்தாகவும் சென்னைத் தரைவழி எண்ணை நான்கு நான்காகவும் பிரித்தால் வாய்விட்டுப் படிப்பவருக்கு எளிது. இரண்டு எண்கள் இருந்தால் ‘2××× ××67 / 68’ என்று சுருக்காமல் இரண்டையும் முழுதாக அச்சிட வேண்டும். பி.டி.எஃப். ஆக வரும் அழைப்பிதழில் எண்ணைத் தொட்டு அழைப்பவருக்கு, சாய்கோட்டுக்குப் பின்னால் தனித்து நிற்கும் 68 எதற்கும் உதவாது.

இத்தனைக்கும் பிறகு, பிளஸ் போட்டாலும் பெரும்பாலும் எட்டாத எண்கள் சில இருக்கின்றன. 1800 என்று தொடங்கும் இலவச எண்கள் இந்தியாவுக்குள் அழைப்பவர்களுக்காக ஏற்பட்டவை, வெளிநாட்டிலிருந்து பொதுவாக அவை கிடைப்பதில்லை. வங்கி அட்டையின் பின்புறத்தில் அந்த ஓர் எண் மட்டும் இருந்தால், பயணத்துக்கு முன்பே வங்கியின் சாதாரண எண்ணைக் கேட்டு முழு வடிவில் குறித்துக்கொள்ள வேண்டும். 108, 112 போன்ற அவசர எண்கள் அழைப்பவர் நிற்கும் இடத்துக்கு மட்டும் உரியவை, அவற்றின் முன்னால் +91 சேர்ப்பதில் பொருளே இல்லை. மதுரையில் தனியே இருக்கும் தாய்க்கு இரவில் உடம்புக்கு முடியவில்லை என்று சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குத் தெரியவந்தால், அவர் அங்கிருந்து 108ஐ அழைத்து ஆம்புலன்ஸை அனுப்ப முடியாது. வீட்டுக்கு அருகில் உள்ள மருத்துவமனையின் +91 452 என்று தொடங்கும் தரைவழி எண்ணும், அதே தெருவில் இருக்கும் இரண்டு மூன்று பேரின் கைபேசி எண்களும் அவருடைய கைபேசியில் இப்போதே முழு வடிவில் இருக்க வேண்டும். பதிந்த கையோடு ஒவ்வொன்றையும் சிங்கப்பூரிலிருந்தே ஒரு முறை அழைத்து, மணி அடிக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.